மறுமொழி: கட்டிட நிதி – முதலில் பேரேட்டைக் காட்டுங்கள்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

லண்டன் அண்ணன் அனுப்பிய கட்டிடப் படத்தைப் பார்த்தேன். வளைவும் மண்டபமும் அழகாகத்தான் இருக்கின்றன. நம் தோட்டத்துச் சிக்கனக் கடனுதவிச் சங்கத்தைக் காப்பாற்ற, இந்தக் கட்டிடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நேற்று இரவு வரை ஒன்பது பேர் தங்கள் தொகையைச் சொல்லிவிட்டீர்கள். நான் சொல்லவில்லை. ஏன் அக்கா பேசாமல் இருக்கிறீர்கள் என்று தோஹா தம்பி தனியாகக் கேட்டார். தனியாகச் சொல்ல இதில் எதுவும் இல்லை. எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போன சின்னம்மா கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். சங்க அறையில் உர மூட்டை அடுக்கியிருக்கிறது. பாஸ் புத்தகங்கள் ஒரு யூரியா பைக்குள் கிடக்கின்றன, பாதி கறையான் தின்றது. மேல் டிவிஷன் கடைசி லயத்துப் (வரிசை வீட்டுப்) பாட்டி (நாம் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் தின்ற ரொட்டியைச் சுட்டுத் தந்தவர்தான்) தன் சேவைக்காலப் பணத்தில் 60,000 ரூபாயைச் சங்கத்தில் போட்டு வைத்திருந்தார். கண் ஆப்பரேஷனுக்கு லென்ஸ் வாங்கக் காசு கேட்டுப் போனபோது "அடுத்த மாதம் வாங்க" என்றார்களாம். மூன்று மாதமாக அதே பதில். சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர் இருந்தா இப்படிச் சொல்லுவாரா?" என்று கேட்டிருக்கிறார். மாஸ்டர் என்றது சங்கக் கணக்கை எழுதிய என் அப்பாவை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என்னால் கட்டிடப் படத்தைப் பார்க்க முடியவில்லை.

"வங்கி பிறந்த மண் நம் மண்" என்று அண்ணன் பெருமையாக எழுதியிருக்கிறார். உண்மைதான். 1888இல் இரண்டு வெள்ளைக்காரர்கள் நம் இலங்கை மலையகத்து ஹட்டனில் தொடங்கிய சின்ன வங்கிதான், 1970இல் ஹட்டன் நெஷனல் வங்கி ஆனது. ஆனால் அது தோட்டத் துரைமாரின் தேவைக்காகப் பிறந்தது. நம் பாட்டன்மாரின் கணக்கு அங்கே இல்லை. அவர்களுடைய கணக்கு, ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணியின் துண்டில் இருந்தது.

துண்டு என்றால் என்ன என்று வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒரு கங்காணியின் ஆட்கள் தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று துரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகையைக் கட்டுகிற வேறு தோட்டம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். கடனும் கூடவே போகும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மற்றவர்கள் நிலத்தையோ நகையையோ ஈடு வைத்தார்கள். நம் ஆட்கள் தாங்களே ஈடாக இருந்தார்கள்.

பத்து வருடம் கழித்து, 1931இல், அரசாங்கம் ஈட்டு வங்கி ஒன்றை ஆரம்பித்தது. இன்றைய அரச ஈட்டு முதலீட்டு வங்கிக்கு அதுதான் வேர். காணி உறுதியைக் கொடுத்தால் நீண்ட தவணையில் கடன். நல்ல ஏற்பாடுதான், ஆனால் உறுதி வைத்திருப்பவனுக்கு. லயத்துக் காம்பிராவுக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, ஏது உறுதி? காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் காம்பிராவும் போகும். 1948இல் பிரஜாவுரிமையும் போன பிறகு எந்தக் கதவைப் போய்த் தட்டுவது?

தபால் கந்தோர் சேமிப்பு மட்டும் இருந்தது. 1885இலிருந்து உண்டு, இப்போது தேசிய சேமிப்பு வங்கிக்குள் இருக்கிறது. அதில் காசு போடலாம். ஆனால் கல்யாணத்துக்கோ சாவு வீட்டுக்கோ அவசரமாகக் கடன் வேண்டுமென்றால் கடைக்காரரின் பற்றுக் கொப்பிதான் கதி. இல்லாவிட்டால் தோட்டைக் கழற்றி அடகுக்கடையில் கொடுக்க வேண்டும்.

நம் சிக்கனக் கடனுதவிச் சங்கம் இந்த இடத்தில்தான் பிறந்தது. அண்ணன் படத்தில் காணாதது இது. அன்றைக்குச் சங்கத்துக்குக் கட்டிடமே கிடையாது. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, பள்ளிக்கூட வாங்கில் அப்பா பேரேட்டை விரிப்பார். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, ஒரு மை டப்பா. கொழுந்துக் கறை படிந்த விரலை மையில் அமுக்கி ஒரு ரூபாய் போடுவார்கள். முடியாத மாதம் ஐம்பது சதம். கடன் வாங்க இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும், அவ்வளவுதான். காணி உறுதிக்குப் பதில் பக்கத்துக் காம்பிராக்காரனின் வாக்கு. நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து உதிர்ந்த சில்லறையைப் பொறுக்கி மேலே நீட்டுவேன். ஒரு முறை இரண்டு சதம் குறைந்தது. அப்பா விளக்கு வைத்த பிறகும் வீட்டுக்கு வரவில்லை. அம்மா சோற்றை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனார். கடைசியில் கூட்டல் பிழைதான். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட்டார்.

83 ஆடிக் கலவரத்தில் அப்பா பேரேட்டை ரெட்டில் (முரட்டுத் துணியில்) சுற்றி, தேயிலை மலையில் ஒரு கானுக்குள் (வடிகாலுக்குள்) வைத்தார். எங்கள் சட்டிபானைகூட மிஞ்சவில்லை, பேரேடு மிஞ்சியது. அதே பேரேடு இன்றைக்கு யாரிடம் இருக்கிறது? இரண்டு மடல் எழுதிக் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. கட்டிடத்துக்குச் சீமெந்து எத்தனை மூட்டை என்று மட்டும் பட்டியல் வருகிறது.

அண்ணே, கோபிக்காமல் கேளுங்கள். உங்கள் அப்பாவின் பெயரை வளைவில் போட எனக்கு மனத்தாங்கல் இல்லை. நம் ஊரின் பழைய குழாயடி வழக்கை இதில் கொண்டுவந்து கோர்க்காதீர்கள். அந்த வழக்கில் எங்கள் வீட்டுப் பக்கம் நின்றவர் உங்கள் அப்பா, அதை நான் மறக்கவில்லை. ஆனால் சங்கம் காப்பாற்ற வேண்டியது சுவரையா, காசு போட்டவர்களையா?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய சேமிப்பு வங்கியில் போட்ட காசுக்கு அரசாங்கமே சட்டப்படி பொறுப்பு. மற்ற வங்கிகளிலும் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளிலும் போட்டால் மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி இருக்கிறது, ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய் வரைக்கும். நம்மைப் போன்ற சிக்கனச் சங்கத்துக்கு அந்தக் காப்புறுதி கிடையாது. சங்கம் கைவிரித்தால் பாட்டிக்குக் கைவிரித்ததுதான். காப்பி மரத்தில் நோய் விழுந்து 1884இல் ஓரியண்டல் வங்கி மூழ்கியபோது, அதன் நோட்டுகளுக்குத் தான் பொறுப்பு என்று கவர்னர் கோர்டன் முன்வந்தார். மேல் டிவிஷன் பாட்டியின் பாஸ் புத்தகத்துக்குப் பொறுப்பு என்று சொல்ல நம்மை விட்டால் யார்?

கோத்தகிரி அத்தையையும் இங்கே நினைக்கிறேன். நம் ஆட்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் விழுந்து, தலைமன்னாரில் கப்பலேறிப் போனார்கள். பயண நாள் திடீரென்று வந்ததால் சங்கப் பணத்தை எடுக்க நேரமில்லை. அத்தையின் புத்தகத்தில் 1972இல் 412 ரூபாய் 50 சதம் நிற்கிறது. ஆண்டுக்கு 6 வீதம் கூட்டு வட்டி போட்டால் 50 வருடத்தில் பதினெட்டு மடங்குக்கு மேல் ஆகும், 7,600 ரூபாய் அளவு. இன்றைய விலைவாசியில் அது ஒரு வாரச் சாமானுக்குக் காணாது. ஆனாலும் அத்தை அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறார். அவரைப் போல எத்தனை குடும்பம் போனது என்பது பேரேட்டில்தான் இருக்கிறது. "இல்லாத ஆட்கள்" என்று அவர்களை அடித்துவிட்டு, அந்தக் காசையும் கட்டிடக் கணக்கில் சேர்க்கிற பேச்சு அடிபடுவதாகச் சின்னம்மா கேள்விப்பட்டார். அது உண்மையில்லை என்றால் அண்ணன் எழுத்தில் சொல்லட்டும்.

செய்ய வேண்டியது சிரமமான காரியம் இல்லை. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து அனுப்புங்கள், நானும் தோஹா தம்பியும் கணினியில் ஏற்றுகிறோம். பதிவு செய்த சங்கம் என்றால் 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டப்படி கணக்காய்வு நடந்திருக்க வேண்டும். கடைசி அறிக்கை எங்கே என்று கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் கேட்கலாம். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், கடன் வாங்கியவர் யார், திருப்பிக் கட்டாதவர் யார், இந்த மூன்றும் வெளியே வரட்டும். கடன் வாங்கிக் கட்டாதவர்களின் பிள்ளைகள் இந்த மடற்குழுவிலேயே இருக்கிறோம் என்று வந்தால், அதையும் முகம் கொடுத்துப் பேசுவோம். எங்கள் மாமா வீட்டுப் பெயரும் வரலாம், எனக்குத் தெரியும்.

இப்போது ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்று ஊரில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. முதன்முதலாக நம் ஆட்கள் கையில் ஈடு வைக்க ஒரு காகிதம். நாளைக்கு அவர்களுக்குக் கடன் வேண்டும், வீட்டைப் பெருப்பிக்க, பிள்ளையைப் படிப்பிக்க. அந்த உறுதியை மைக்ரோ பைனான்ஸ்காரன் வாங்கிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டுமென்றால் ஊரில் ஒரு நாணயமான சங்கம் வேண்டும். அதனால்தான் சங்கத்தை மூடச் சொல்லவில்லை. பாட்டிக்கு "அடுத்த மாதம்" என்று சொல்கிற சங்கத்தை நம்பி யார் உறுதியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

என் பங்கு இரண்டு லட்சம். பேரேட்டுப் படங்கள் வந்த அன்றே அனுப்புவேன், வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும். எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சினால் ஓடு மாற்றுங்கள். லென்ஸுக்கான 60,000 ரூபாயை நேற்றே சின்னம்மா மூலம் பாட்டிக்கு அனுப்பிவிட்டேன். அது என் கைக்காசு. சங்கம் பாட்டிக்குத் தர வேண்டிய 60,000 அப்படியே நிற்கிறது, தயவு செய்து அதைக் கழித்துவிட வேண்டாம்.

அத்தை, உங்கள் பேரனிடம் சொல்லி பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கடைசியாகப் பதிந்த பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள். அப்பாவின் கையெழுத்து தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் வைத்து எடுக்கட்டும்.

மாஸ்டர் வீட்டு மூத்த மகள்
ஸ்கார்பரோ