7 நாளில் சளி நின்றால் கோழி சுத்தமா?

சேவற்கொண்டை:
நேற்று ஒருவர் இங்கே எழுதியது: "மூக்கொழுகல் நின்று 7 நாள் ஆகிவிட்டால் கோழி சுத்தம். கூட்டத்தோடு விட்டுவிடலாம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதை நம்பி எத்தனை பேர் கூண்டைத் திறந்துவிட்டார்களோ! மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றிய கோழிக்கு மருந்து கொடுத்தால் தும்மல் நிற்கும், கண் வீக்கம் வடியும். கிருமி உள்ளேயே கிடக்கும், ஆயுசுக்கும். சளி நிற்பது வேறு, கிருமி போவது வேறு.

முட்டைக்கூடை:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். டாக்டர் சொன்னபடி டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தேன். சளி நின்ற பிறகு 7 நாள் தனியாக வைத்தேன், அப்புறம் சேர்த்தேன். 11 கோழியும் நன்றாக இருக்கின்றன. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

சேவற்கொண்டை:
கிருமி கண்ணுக்குத் தெரியுமா? குளிர் வரட்டும், இறகு உதிரட்டும், இடம் மாற்றிப் பாருங்கள். உடம்பு தளர்கிற அன்றைக்கு மறுபடி கொரகொர சத்தம் கேட்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும். 7 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

கூரைநிழல்:
எந்தச் சளி என்று இரண்டு பேருமே சொல்லவில்லையே. ஓரிரு நாளில் கூட்டம் முழுக்கத் தும்மி, முட்டை ஓடு சுருங்கி வந்தால் ஐபி என்ற மூச்சுக்குழாய் அழற்சி வைரஸாக இருக்கலாம். முகம் வீங்கி நாற்றம் அடித்தால் கொரைசா என்ற பாக்டீரியா சளி. சளியில் ரத்தம் வந்தால் ஐஎல்டி என்ற தொண்டை வைரஸ் நோய். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பென்சிலினோ மைக்கோபிளாஸ்மாவையே தொடாது; பென்சிலின் தாக்குவது கிருமியின் செல் சுவரை, மைக்கோபிளாஸ்மாவுக்கு அது கிடையாது.

சேவற்கொண்டை:
அதெல்லாம் இருக்கட்டும். கொரைசாவிலும் ஐஎல்டியிலும்கூடப் பிழைத்த கோழி கிருமியைச் சுமக்கும். 7 நாள் எதற்குப் பொருந்தும்?

முட்டைக்கூடை:
எதைச் சொன்னாலும் 7 நாள், 7 நாள்! போன மாதம் நீங்கள் போட்ட கொட்டகைப் படத்தைப் பார்த்தேன். தரையெல்லாம் ஈர எச்சம், காற்றுப் போக வழியே இல்லை. அந்த அமோனியாவில் மூச்சுக்குழாய் புண்ணாகிக் கிடக்கும், எந்தக் கிருமிக்கும் கதவு திறந்த மாதிரி. முதலில் அதை அள்ளுங்கள், பிறகு எனக்குப் பாடம் எடுக்கலாம்.

சேவற்கொண்டை:
அது மழை பெய்த மறுநாள் எடுத்த படம். அன்று மாலையே அள்ளிவிட்டேன். புதுச் சேவலை 30 நாள் தனியாக வையுங்கள் என்று போன வருடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்டீர்களா? அந்தச் சேவல்தானே இந்தச் சளியைக் கொண்டு வந்தது?

முட்டைக்கூடை:
சேவல்தான் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் ஆயிற்றா? குருவிகள்கூடத் தீவனத் தட்டில் வந்து உட்காருகின்றன. பக்கத்துக் கொட்டகைக்குப் போய்வந்த செருப்பிலும் வரும். பழைய கணக்கைத் தீர்க்கவே இந்தத் திரியைத் திறந்திருக்கிறீர்கள்.

சின்னக்குஞ்சு:
அண்ணே, என்னிடம் 4 பெட்டைக் கோழிகள். ஒன்று தும்முகிறது. வெட்டிவிட வேண்டுமா? பிள்ளைகள் பெயர் வைத்து வளர்க்கிறார்கள்.

சேவற்கொண்டை:
வெட்டச் சொல்லவில்லை, தம்பி. முதலில் அதைத் தனியாக வை, மற்றவற்றுக்குத் தீவனம் போட்ட பிறகு கடைசியில் அதனிடம் போ. அதற்கென்று தனிச் செருப்பு, தனித் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும். கால்நடை டாக்டரிடம் காட்டி ரத்தமோ தொண்டைச் சளியோ எடுத்துச் சோதிக்கச் சொல். மைக்கோபிளாஸ்மா என்று வந்தால் கூட்டத்தை மூடிவிடு. புதுக் கோழி உள்ளே வரக்கூடாது, இருக்கிற கோழி வெளியே போகக்கூடாது, முட்டையை அடைவைக்கவும் கூடாது. திடீரென்று கோழிகள் அடுத்தடுத்துச் செத்தாலோ கழுத்து திருகிக்கொண்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே. ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல்), பறவைக் காய்ச்சல் எல்லாம் அப்படித்தான் வரும். செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல் அரசுக் கால்நடைத் துறைக்குச் சொல்.

கூரைநிழல்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை சண்டை எதற்கு?

முட்டைக்கூடை:
அவருக்குச் சண்டைதான் வேண்டும். என் 11 கோழியும் இன்று காலையும் நன்றாகவே மேய்ந்தன.

சேவற்கொண்டை:
மேயட்டும். 7 நாள் எங்கிருந்து வந்தது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது.