ராஸாவின் 'தபோவன்' படத்தில் காடு எங்கே இருக்கிறது?

தறிக்காரன்:
இந்திய ஓவியர் எஸ்.எச். ராஸாவின் 'தபோவன்' (1972), 'லா தெர்' (பிரெஞ்சில் 'பூமி' என்று அர்த்தமாம்) இரண்டையும் அச்சில் பார்த்தேன். வண்ணம் கொட்டிக் கிடக்கிறது. மரமோ மண்ணோ கண்ணில் படவில்லை. இயற்கையிலிருந்து பிறந்தவை என்கிறார்கள். எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது? ஒரு பிரதியை ஹாலில் மாட்டும் எண்ணமும் உண்டு.

மைக்கூடு:
மரத்தைத் தேடுவதை முதலில் விடுங்கள். படத்தை போனில் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். வண்ணம் போன பிறகும் எது முன்னால் நிற்கிறது, எது உள்ளே போகிறது என்று தெரிந்தால் கட்டுமானம் உறுதி. எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டால் அது வண்ணத்தை மட்டுமே நம்பிய படம்.

அடுத்து ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு, தணலாக எரிகிற ஆரஞ்சின்மேல் வையுங்கள். பெரும்பாலும் ஓட்டைக்குள் சாதாரணச் செங்கல் நிறம்தான் இருக்கும். கார்டை எடுத்ததும் மறுபடி எரியும். எரிய வைப்பது பக்கத்திலிருக்கும் கறுப்பும் பச்சையும். உங்கள் பெயரைப் பார்த்ததால் இதையும் சொல்கிறேன்: பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அதை விரித்து 1839இல் புத்தகமாகவே போட்டார்.

மூலப் படம் கிடைத்தால் முதலில் பத்தடி தள்ளி, பிறகு ஒரு அடிக்கு வாருங்கள். கிட்டத்தில் வண்ணத் திட்டுகளின் ஓரத்தைப் பாருங்கள். கத்தி வெட்டியதுபோல் இருக்கிறதா, ஒன்றுக்குள் ஒன்று கசிகிறதா? கசிகிற ஓரம் உள்ளே போகும், வெட்டிய ஓரம் முன்னால் வரும். இந்த வகைப் படங்களில் ஆழம் பாதி அங்கேதான்.

கரிசல்:
ராஸா 1922இல் மத்தியப் பிரதேசத்து மண்ட்லா மாவட்டத்தில் பிறந்தவர், அப்பா வனத்துறை ஊழியர். காட்டு இரவின் பயத்தையும் விடிந்ததும் வரும் தெம்பையும் பற்றி அவரே பேசியிருக்கிறார். 1950இல் பாரிஸ் போனார். அந்தப் பத்தாண்டில் வரைந்தவற்றில் வீடும் மரமும் இன்னும் தெரியும், ஆயில் பெயின்ட் தடிமனாக ஏறியிருக்கும். 1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனபோது, பெரிய வண்ணப் பரப்புகளாகவே வரைந்த ராத்கோ போன்றவர்களின் படங்களைப் பார்த்தார். அதன்பின் கோடுகள் உதிர்ந்தன, அக்ரிலிக்குக்கும் மாறினார்.

இந்த மாற்றம் சும்மா இல்லை. அக்ரிலிக்கின் மெல்லிய பூச்சு அரை மணிக்குள் காய்ந்துவிடும். அடி வண்ணம் கலங்காமல் அடுத்ததை ஏற்றலாம். ஆயிலில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் சேறுதான். கறுப்புக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்ப்பதை இந்த வேகம் சுலபமாக்குகிறது. 1983இன் 'சௌராஷ்டிரா'வைத் தேடிப் பாருங்கள்: 2 மீட்டருக்கு 2 மீட்டர், ராஜஸ்தானிச் சிற்றோவியம்போல் கட்டம் கட்டமாகப் பிரிந்தது.

நடுவெயில்:
கரிசல் சொன்னது சரிதான், ஆனால் கறுப்பெல்லாம் மண்ட்லா இரவு என்று படித்தால் படம் விடுகதையாகிவிடும். பிரெஞ்சு ஓவியர் மோனே தன் தோட்டத்துக் குளத்தின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இருக்கும் அல்லிப் படங்களில் குளம் கரைந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். ராஸாவோ கண்ணெதிரே காடில்லாத ஊரில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்தார். அதனால் 'இது என்ன?' என்று கேட்காமல், காட்டில் எதை விட்டுவிட்டு எதை வைத்துக்கொண்டார் என்று கேளுங்கள்.

அடிவானக் கோடு இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் காட்டை வெளியிலிருந்து பார்க்கவில்லை, உள்ளே நிற்கிறோம். பிரதியைத் தலைகீழாகவும் வைத்துப் பாருங்கள். கனம் இடம் மாறிப் படம் தடுமாறினால், மேல் கீழ் யோசித்து வைக்கப்பட்டது என்று புரியும்.

சட்டம்போடுபவர்:
மாட்டும் விஷயம். திரையில் பார்த்து வாங்காதீர்கள். திரையின் அடர்நீலம் சாதாரண நான்கு மை அச்சில் ஊதா பக்கம் சாயும், ஆரஞ்சு மந்தமாகும். பிக்மென்ட் (நிறமித் துகள்) மை, மேட் (பளபளப்பில்லாத) காகிதம் என்று கேட்டு, முதலில் ஏ4 அளவில் மாதிரி வாங்குங்கள். ராஸா 2016இல் காலமானார். இந்தியச் சட்டப்படி காப்புரிமை 2076 முடியும்வரை உண்டு, ஆகவே உரிமை பெற்ற பிரதியாக இருக்கட்டும்.

படத்தின் நடு, தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். சோபாவில் உட்கார்ந்தே பார்ப்பீர்களென்றால் கொஞ்சம் இறக்குங்கள். விளக்கு 3000–3500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, எண் குறைந்தால் மஞ்சள் கூடும்), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல், செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் சிவப்பு வெளிறும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் வேண்டாம், படத்தில் ஜன்னல்தான் தெரியும்.

தறிக்காரன்:
நன்றி. மாலையில் விளக்குப் போடுவதற்கு முன் அச்சில் சிவப்பெல்லாம் கறுத்து, நீலம் மட்டும் வெளிச்சமாக நிற்கிறதே, மை சரியில்லையா?

மைக்கூடு:
மை இல்லை, கண். வெளிச்சம் குறையும்போது விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, மங்கலில் பார்க்கும் கோல் செல்கள் வேலை செய்யும். அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது, நீலமும் பச்சையும் தூக்கலாகத் தெரியும். இதற்குப் புர்கின்யே விளைவு என்று பெயர். விளக்கைப் போடுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள்.