அண்ணனின் மாற்று நுரையீரலும் சி.டி. ஸ்கேனும்

அண்ணனுக்குச் சென்னையில் இரண்டு நுரையீரலையும் மாற்றினார்கள். ஹட்டனுக்குத் திரும்பிச் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் வீட்டுப் படி ஏறும்போதே மூச்சு வாங்கியது. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். "பனிக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவர் தினமும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டரில், அதாவது மூச்சின் அளவைக் காட்டும் கருவியில், அளவு இறங்கிக்கொண்டே வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சென்னை டொக்டருக்குச் சொன்னதும், தாமதிக்காமல் சி.டி. எடுக்கச் சொன்னார்.

காரணத்தையும் அவரே விளக்கினார். நுரையீரல் மாற்றும்போது மூச்சுக்குழாயைத் தைத்து இணைக்கிறார்கள். அதன் சுவருக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு தமனிகளைப் பெரும்பாலும் இணைப்பதில்லை. அதனால் தையல் போட்ட இடம் ஆறச் சிரமப்படும். முதல் வாரங்களில் தையல் விட்டுப்போனால் குழாய்க்கு வெளியே காற்றுக் குமிழ்கள் சி.டி.யில் தெரியும். மாதங்கள் கழித்து வருவது பெரும்பாலும் சுருக்கம், அதாவது குழாய் ஒடுங்கிப்போவது.

கண்டியில் ஸ்கேன் எடுத்தோம். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு தடவை, முழுதாக வெளியே விட்டு இன்னொரு தடவை. இந்த இரண்டாவதைத் தயவுசெய்து கேட்டு எடுங்கள். காற்று வெளியேற வழியில்லாத பகுதி அதில் கறுப்பாகவே நிற்கும். குழாய்ச் சுவர் தளர்ந்து உள்ளே மடிகிறதா என்பதும் அப்போதுதான் பிடிபடும். அண்ணன் வேனில் வரும்போதே பழகிக்கொண்டு வந்தார். "ஹுஸ்ம பிட்ட கரன்ன" (மூச்சை வெளியே விடுங்கள்) என்று ஒலிபெருக்கியில் சிங்களக் குரல் கேட்டதும் வயிறு ஒட்டும்வரை ஊதிவிட்டு அசையாமல் கிடந்தார்.

குறுக்கு வெட்டுப் படங்களில் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரேடியோலொஜிஸ்ட் அதே பதிவை நெடுக்காகத் திருப்பிக் காட்டினார். வலது மூச்சுக்குழாய், தையலுக்குக் கொஞ்சம் கீழே, உடுக்கையின் இடை மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. இவ்வளவு நாளும் இதற்குள்ளாலா மூச்சு விட்டார்!

சுமார் 1 மில்லிமீற்றர் மெல்லிய வெட்டுகள் இருந்தால்தான் அப்படித் தெளிவாகத் திருப்பிப் பார்க்கலாம். ஆகவே ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். முழுப் பதிவையும் டிஸ்க்கில் கேளுங்கள். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ் மாத்திரை எடுப்பவர்கள் சாய மருந்து ஊசி தேவையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், அந்த மாத்திரையே சிறுநீரகத்துக்குப் பாரம். மூச்சுக்குழாயைப் பார்க்க மட்டும் என்றால் பொதுவாக அந்த ஊசி வேண்டியதில்லை, அண்ணனுக்கும் போடவில்லை.

சென்னையில் பிரொங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கமரா விட்டுப் பார்ப்பது) செய்து அதே இடத்தை உறுதிப்படுத்தி, பலூன் வைத்து விரித்தார்கள். ஸ்பைரோமீட்டர் அளவு ஏறியது. சுருக்கம் திரும்பவும் வரக்கூடும், அப்படி வந்தால் மறுபடி விரிக்க வேண்டும், தேவைப்பட்டால் குழாயை விரித்தபடி தாங்கி நிற்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.