சொல்லாமல் கொள்ளப்படும் அடிப்படைக்கு ‘உட்கோள்’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தருக்கத் திறன் தேர்வுகளில், ஒரு வாதம் சொல்லாமலே அடிப்படையாகக் கொள்வது எது என்று கேட்கும் ‘அசம்ப்ஷன்’ வினாக்களுக்கு அனுமானம், எடுகோள், கருதுகோள் என்னும் மூன்று சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில், 2024 ஆகஸ்ட் முதல், மதிப்பெண்ணுக்குரிய 3 பகுதிகளில் 2 தருக்கத்துக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. நம் வங்கித் தேர்வுகளிலும் இவ்வகை வினா பழையதே. ஆகவே சொல் துல்லியமாக இருப்பது நல்லது.

கருதுகோள் என்பது சோதிப்பதற்காக வெளிப்படையாக முன்வைக்கப்படுவது. எடுகோளும் வடிவியலில் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. அனுமானமோ புகையைக் கண்டு நெருப்பை அறிவது, அதாவது கூறியதிலிருந்து முன்னே செல்வது. நாம் தேடுவதோ முடிவுக்குப் பின்னே மறைந்து நிற்பது. தேர்வில் அனுமானமும் இந்த மறைந்த அடிப்படையும் தனித்தனி வினாவகைகளாக இருக்கையில் ஒரே சொல்லை இரண்டுக்கும் ஆண்டால் மாணவர் திசை தெரியாமல் நிற்பார். மணிமேகலையின் 27ஆம் காதை, அறியும் வழிகளாகிய அளவைகளை வரிசைப்படுத்தும்போது, சொன்னது பொருந்துவதற்காகச் சொல்லாததைக் கொள்ளும் அருத்தாபத்தியை அனுமானத்திலிருந்து பிரித்தே வைக்கிறது. ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்றால் கரையில் இருக்கிறது என்று கொள்வதே அதன் எடுத்துக்காட்டு. நம் வினாவுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான் என்றாலும் அச்சொல்லை இன்றைய மாணவர் தலையில் ஏற்ற எனக்கு மனமில்லை.

எனவே ‘உட்கோள்’ என்று முன்மொழிகிறேன். (‘உள்ளுறை’ அழகிய சொல்தான், ஆனால் அது அகத்திணைக்கு உரியது.) கணிதப் பாடநூல்கள் பழக்கிய அடைகளைச் சேர்த்தால் தேவையான உட்கோள், போதுமான உட்கோள் என்று இரு வகைகளும் கிடைத்துவிடும். ‘பேருந்துக் கட்டணம் குறைந்துள்ளது, ஆகவே சாலையில் இருசக்கர வண்டிகள் குறையும்’ என்ற வாதத்தைப் பாருங்கள். கட்டணம் குறைந்தால் வண்டிகளின் எண்ணிக்கை எப்போதும் குறையும் என்பது போதுமான உட்கோள். அதைச் சேர்த்தவுடன் முடிவு உறுதியாகிவிடும். ஆனால் வாதம் நிற்க அவ்வளவு வேண்டியதில்லை. கட்டணக் குறைவு சிலருடைய வண்டிப் பயணத்தையாவது தவிர்க்கச் செய்யும் என்பதே தேவையான உட்கோள்.

தேவையான உட்கோளைக் கண்டுபிடிக்க, விடைத் தெரிவை மறுத்துப் பார்த்து, வாதம் சரிந்து விழுகிறதா என்று காண்பதே வழி; விழுந்தால் அத்தெரிவு தேவையானது. இங்கேதான் மாணவர் இடறுகின்றனர்: ‘எல்லோரும்’ என்பதன் மறுப்பு ‘எல்லோரும் அல்லர்’ என்பதே, ‘ஒருவரும் இல்லை’ என்று எல்லைக்குப் போய்விட்டால், தேவையில்லாத தெரிவும் தேவையானதாகத் தோன்றும். ‘சிலர்’ என்பதற்குத்தான் ‘ஒருவரும் இல்லை’ மறுப்பாகும். இதற்கு ‘மறுப்புச் சோதனை’ என்பதே போதும், புதுச்சொல் வேண்டாம்.

ஒரு தடை உண்டு. உட்கோளை வினையாக்கினால் ‘உட்கொள்கிறது’ என்றாகி, வாதம் மாத்திரை விழுங்குவது போலாகிவிடும். ஆதலால் வினை வரும் இடங்களில் ‘உட்கோளாகக் கொண்டுள்ளது’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். இதைவிடச் சுருக்கமான வடிவம் தோன்றுபவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.