35 டிகிரிக்கு மேல் போனால் என்ன ஆகும்? வேலூர்ப் பக்கத்துப் போன், மெஷின், கேம் அனுபவங்கள்

சத்துவாச்சாரி சர்வீஸ் கடை:

கத்திரி ஆரம்பித்துவிட்டால் என் கடைக்கு ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். பைக் ஹேண்டில்பாரில் ஸ்டாண்டு போட்டு, அதில் போனை மாட்டிக்கொண்டு சாப்பாடு டெலிவரி பண்ணும் பசங்க. புகாரும் ஒன்றுதான். "ண்ணா, மத்தியானத்துல ஸ்கிரீன் இருட்டாப் பூடுது, மேப்பே தெரியல." டிஸ்பிளே போய்விட்டது என்று முடிவுகட்டி, மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

டிஸ்பிளேவில் ஒரு குறையும் இருக்காது. போன் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும், பிராசஸரை மெதுவாக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, அதனால் ஏற்பாடு சரிதான். ஆனால் வெயில் கண்ணைக் கூசும்போதுதானே முழு வெளிச்சம் வேண்டும்? அந்த நேரம் பார்த்துத்தான் அது குறைகிறது. கிரீன் சர்க்கிளில் நாலு பக்கமும் லாரி நிற்கும்போது, கையைக் குடையாகப் பிடித்து மேப்பைத் தேடும் பையனைப் பார்த்திருப்பீர்கள்.

ஐபோனின் விவரக்குறிப்பில் 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தவும் என்று போட்டிருக்கிறது. பிளேஸ்டேஷனுக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் 5 முதல் 35. மே மாதத்தில் நம்ம ஊர் 40-ஐத் தாண்டுவது ஒரு செய்தியே இல்லை. 35 எல்லாம் நமக்குக் காலை பத்து மணி.

நான் சொல்லி அனுப்புவது: ரப்பர் கவரைக் கழற்றுங்கள், வண்டி ஓடும்போது சார்ஜ் போடாதீர்கள், ஸ்டாண்டுக்கு மேல் ஒரு சின்ன மறைப்பு வையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். எனக்கு நூறு ரூபாய்கூடக் கிடைக்காது, அது வேறு கதை.

நம்ம ஊரில் எந்தச் சாதனம் உங்களைப் பாடாய்ப் படுத்தியது, எது ஒழுங்காக உழைத்தது? எழுதுங்கள்.

ஆம்பூர் ஷூ யூனிட் சூப்பர்வைசர்:

சூட்டைவிட எங்களுக்கு விரல்தான் தலைவலி அண்ணே. எங்கள் யூனிட்டில் மேல்பாகம் தைக்கிற பெண்கள், சொல்யூஷன் தடவுகிறவர்கள், ஓரம் சீவுகிறவர்கள் எல்லோருமே கையால் வேலை செய்கிறவர்கள். வருஷக்கணக்கில் தோலையும் பசையையும் தொட்டுத் தொட்டு விரல் நுனியில் ரேகை மழுங்கிவிடும். வாசலில் கைரேகை வருகைக் கருவி வைத்த புதிதில் காலை ஷிப்டுக்கு வரிசை கேட் வரைக்கும் நிற்கும். கருவி சிவப்பு விளக்கு காட்டும், அந்த அக்கா விரலைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடி சிவப்பு. பின்னால் நிற்பவர்களுக்குச் சம்பளம் பிடிப்பார்களோ என்று பயம்.

ஏன் எடுக்கவில்லை என்று அந்தக் கருவி ஒரு வார்த்தை சொன்னதில்லை. விரல் ஈரமா, அழுக்கா, ரேகையே இல்லையா? எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு. கடைசியில் வழி கண்டுபிடித்தது ஸ்டிட்சிங் லைனில் இருக்கும் ஒரு பாட்டிதான். இடது கை மோதிர விரல் வேலையில் அதிகம் படுவதில்லை, அதைப் பதிந்து பார்க்கலாம் என்றார். முக்கால்வாசிப் பேருக்கு அது எடுத்தது. பிறகு முகம் பார்க்கும் கருவி வந்துவிட்டது. அதற்கு முக்காட்டை விலக்கச் சொல்லிப் புதுப் பஞ்சாயத்து, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ரேஷன் கடையிலும் இதே கதைதான். பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்களைக் கேளுங்கள். சில கடைகளில் கருவிழி பார்க்கும் கருவி வந்ததிலிருந்து பரவாயில்லை என்கிறார்கள்.

ஆற்காடு, பழைய லைன் ஆபரேட்டர்:

நான் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் வேலை பார்த்தவள். 2006-ல் தொடங்கிய ஆலை, 2014 நவம்பரில் மூடினார்கள். விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்டில் நின்ற காலம் அது.

வடிவமைப்பு என்றால் எனக்கு 1100 மாடல்தான். 2003-ல் வந்தது. உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்றது. கீபேடு முழுக்க ஒரே ரப்பர் விரிப்பு, சந்து கிடையாது, அதனால் தூசி உள்ளே போகாது. பக்கவாட்டில் வியர்வைக் கை வழுக்காத பிடி. மேலே டார்ச். சி பட்டனை அழுத்திப் பிடித்தால் எரியும், பார்க்கவே வேண்டாம், விரலுக்கே தெரியும். பத்து மணி நேரம் பவர் கட் ஆன காலத்தில் எங்கள் தெருவே அந்த டார்ச்சில்தான் நடந்தது. இப்போதைய போனில் டார்ச் போட ஸ்கிரீனை இழுத்து, சின்னப் படங்களுக்கு நடுவில் தேடி, மாவுக்கையோடு தொட்டால் அது கேமராவைத் திறக்கிறது.

பேட்டரியும் நாமே கழற்றலாம். அந்த பிஎல்-5சி பேட்டரி இன்றைக்கும் லாங் பஜாரில் விற்கிற சின்ன ரேடியோ, பக்திப் பாட்டு ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் போகிறது. போன் செத்தும் பேட்டரி சாகவில்லை.

சத்துவாச்சாரி சர்வீஸ் கடை:

பேட்டரி விஷயத்தில் அக்காவோடு நூறு சதம் ஒத்துப்போகிறேன். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல் இதுபோன்ற சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. சார்ஜ் போட சி டைப் கட்டாயம் என்றும் அவர்கள்தான் 2024 கடைசியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள், ஐபோனே அதற்கு முந்தின வருஷம் மாறிவிட்டது. சட்டம் அங்கே, பலன் எல்லோருக்கும்.

காட்பாடி, காலை ரயில்காரன்:

நான் சாப்ட்வேர் கம்பெனியில் ஆப் செய்யும் ஆள். வாரத்தில் சில நாள் காட்பாடியிலிருந்து பெங்களூர் ரயில். திட்டு வாங்கும் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம் சொல்லலாமா?

எங்கள் ஆபீசில் சோதனை செய்யும் போன்கள் எல்லாம் ஏசி ரூமில், கண்ணாடி அலமாரியில், முழு சார்ஜில் இருக்கும். நெட் ஒரு நொடி தடுமாறாது. சோதிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்திருப்பார். அந்த ஆப்பை குடியாத்தம் தாண்டி டவர் போய்ப் போய் வரும் பெட்டியில், ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திறந்து பார்த்தால்தான் லட்சணம் தெரியும். முக்கியமான பட்டனை எல்லாம் மேல் மூலையில் வைத்திருப்பார்கள். கட்டை விரல் எட்டாது.

இன்னொன்று, இது நானே நேரில் பார்த்தது. அம்மாவின் போனைத் தமிழில் வைத்துக் கொடுத்திருந்தேன். பணம் அனுப்பியதும் மேலே ஒரு அறிவிப்பு வந்தது: "உங்கள் பணம் அனுப்பப்பட…" அவ்வளவுதான், மீதி மூன்று புள்ளி. போய்விட்டதா, போகவில்லையா? அந்தக் கட்டத்தின் அகலத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் விஷயம் முதலிலேயே வந்துவிடும். நமக்கு வினை கடைசியில், இல்லை என்பதும் கடைசியில். வாலை வெட்டினால் எது போகுமோ அதுதான் செய்தி. அம்மா பாவம், இரண்டாவது தடவையும் அனுப்பிவிட்டார். மளிகைக் கடை அண்ணன் நல்லவர், திருப்பிக் கொடுத்தார்.

இதை எங்கள் மீட்டிங்கில் சொன்னபோது டிசைனர் பெண் உண்மையிலேயே அதிர்ச்சியானாள். இரண்டு வரி இடம் விட்டால் முடிந்தது. நிறம், குறி, தொகை மூன்றையும் முன்னால் போடு என்றேன். எங்கள் ஆப்பில் மாற்றிவிட்டோம். அம்மா வைத்திருப்பது வேறு கம்பெனி ஆப், அது அப்படியே இருக்கிறது.

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட்:

எல்லாவற்றுக்கும் கம்பெனியைத் திட்டுகிறோம் தலைவரே. எட்டாயிரம் ரூபாய்க்குப் போன் வேண்டும், வெயிலிலும் பளிச்சென்று தெரிய வேண்டும், கீழே விழுந்தாலும் உடையக் கூடாது. எங்கிருந்து வரும்?

கேமைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். சின்ன வயதில் டிவி கேம், மஞ்சள் கேசட். மேலே 9999999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே திரும்பத் திரும்ப அதே மரியோவும் கான்ட்ராவும்தான். கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்க மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. கொசப்பேட்டையில் என் வயதுப் பசங்களுக்கு வாய்ப்பாடு மறந்தாலும் இது மறக்காது. அப்புறம் 2011-க்கு மேல் அரசு லேப்டாப் வந்தது. பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து இருக்கும், லினக்ஸை யார் திறந்தார்கள்? ஒருத்தன் பென்டிரைவில் வைஸ் சிட்டி கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

அந்தக் கேம்களில் ஒரு மரியாதை இருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கக் கூப்பிட்டால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் போதும், கேம் அப்படியே நிற்கும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். இப்போது ஆன்லைன் கேமில் நிறுத்தவே முடியாது. பாதியில் எழுந்தால் கூட இருக்கிற மூன்று பேரும் திட்டுவார்கள். ஷிப்ட் வேலைக்காரன், வீட்டில் கைக்குழந்தை, எனக்கு அரைமணி கிடைப்பதே பெரிசு. அந்த அரைமணியில் கேமைத் திறந்தால் முதலில் இத்தனை ஜிபி அப்டேட் என்கிறது. இறங்கி முடிவதற்குள் பஸ் வந்துவிடும்.

2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்து, அக்டோபர் கடைசியில் சர்வரையும் நிறுத்தியபோது என் தம்பி காசு கொடுத்து வாங்கின துணிமணி, துப்பாக்கி நிறமெல்லாம் ஒரே நாளில் கைக்கு எட்டாமல் போச்சு. என் மஞ்சள் கேசட்டை யார் தடை செய்ய முடியும்? பரணில் இருக்கிறது.

பாகாயம் சிஸ்டர் (ஓய்வு):

வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் சரியாகத்தான் இருக்கும், ஸ்டிரிப் கெட்டுப்போயிருக்கும். பெரும்பாலான ஸ்டிரிப் டப்பாவில் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். ஓட்டு வீட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில், மே மாதம் 30 டிகிரி எங்கே இருக்கிறது? பயந்துபோய் ஃபிரிட்ஜில் வைப்பார்கள், அங்கே ஈரம் அதைக் கெடுக்கும். எங்கள் தெருத் தாத்தா ஒருவர் ஸ்டிரிப்பை டிவி மேல் வைத்திருந்தார், எடுக்க வசதியாம். மூடி பாதி திறந்திருந்தது. மெஷின் என்னென்னவோ எண் காட்ட, அவர் மாத்திரையை அதிகப்படுத்தலாமா என்று என்னைக் கேட்க வந்தார். புது டப்பா வாங்கிப் பார்த்தால் எண்ணே வேறு. டப்பாவை இறுக்கி மூடி, வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத உள் அறையில் வையுங்கள். மாத்திரை அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அப்புறம் நம் ஊர் உப்புத் தண்ணி. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தரக்கணக்கு. பாலாற்றங்கரையில் சில போர் தண்ணியை வாயில் வைத்தாலே கணக்குத் தெரிந்துவிடும். கீசர் காயில் மேல் வெள்ளையாகப் பொறுக்கு கட்டும். துவைக்கும் மெஷினில் தண்ணி வரும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மெஷின் ஒரு எழுத்தும் எண்ணும் காட்டிவிட்டு நின்றுவிடும். புத்தகத்தைத் தேடி எடுத்தால்தான் அர்த்தம் தெரியும், புத்தகத்தை யார் வைத்திருக்கிறார்கள்? அந்த வடிகட்டியைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பத்து நிமிட வேலை. சர்வீஸ் ஆள் வந்து அதைத்தான் செய்வார்.

தோட்டப்பாளையம் பூக்கடைப் பேரன்:

நல்லதும் எழுதச் சொன்னார் சர்வீஸ் அண்ணன். என் ஓட்டு பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிக்குத்தான். ஆயா பூக்கட்டுவார், இரண்டு கையும் நாரில் இருக்கும், ஈரமாக இருக்கும். போனைத் தொடவே முடியாது. பெட்டிக்கு ஸ்கிரீன் வேண்டாம், விரல் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம், தமிழில் தொகையைச் சொல்லும். ஆஸ்பத்திரித் தெருவில் வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் நிறைய. அவர்கள் தங்கள் போனில் வங்காளத்தில் பார்த்து அனுப்புகிறார்கள், ஆயாவுக்குத் தமிழில் கேட்கிறது. நடுவில் யாரும் பாஷை பேசத் தேவையில்லை.

ஒரே குறை, வருமானம் தெருவுக்கே கேட்கும். சாயங்காலம் தண்டல்காரர் வரும் நேரத்துக்கு ஆயா பெட்டியின் சத்தத்தைக் குறைத்து, பூக்கூடைக்குள் ஈரத்துணிக்குக் கீழே தள்ளிவிடுவார். "இன்னிக்கு யாவாரமே இல்ல நைனா" என்று சொல்லும்போது உள்ளேயிருந்து "எண்பது ரூபாய்" என்று அது முனகும். அவரும் கேட்காத மாதிரி நிற்பார்.

சத்துவாச்சாரி சர்வீஸ் கடை:

ஈரத்துணிக்குக் கீழே வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லுங்கள் தம்பி, சார்ஜ் போடும் ஓட்டையில் தண்ணி இறங்கி பச்சை பூத்துவிடும். இந்த மாதமே இரண்டு பெட்டி அப்படி வந்தது. சத்தத்தைக் குறைக்கும் பட்டன் பக்கவாட்டில் இருக்கிறது, கடைசி வரை அமுக்கினால் போதும்.