கூரை வேர்க்கிறதா, பனிக்கிறதா?

கூரைக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். தகரக் கூரையின் அடிப்பக்கம் காற்றிலுள்ள ஈரம் நீராகிச் சொட்டுவதற்கு ஒரு சொல் வேண்டும். நம் பாடநூலில் ‘ஆவி சுருங்குதல்’, இலங்கையில் ‘ஒடுக்கம்’. ‘கூரை ஒடுக்கம்’ என்று எழுதினால் கூரை நசுங்கிவிட்டதாகத்தான் படிப்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷெட்டுகளில் ‘ஷீட்டு வேர்த்துக் கொட்டுது’ என்பது பேச்சு வழக்கு. ‘கூரை வேர்ப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமா?
(காட்பாடி)

———

பேச்சுக்கு வேர்ப்பு நல்ல சொல். கலைச்சொல்லுக்கு ஒரு தடை இருக்கிறது: வேர்வை உள்ளிருந்து வருவது. மண்பானை வேர்ப்பது மெய்யாகவே உள்நீர் கசிவதுதான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பின் வெளிப்புறம் நனைவது வேறு. அந்த நீர் காற்றிலிருந்து வந்தது. தகரக் கூரை சொம்பு வகை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ‘ஒழுகுது’ என்று மேலே ஏறித் தார் பூசுகிறார்கள், மறுநாள் விடியற்காலையும் சொட்டுகிறது.

என் பரிந்துரை ‘உட்பனி’. ‘பனிநிலை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வெப்பநிலைக்குக் கீழே தகடு இறங்கினால் அதன்மேல் பனி படியும். கூரைக்கு உள்ளே படிவது உட்பனி. பெயரிலேயே காரணம் இருக்கிறது. மார்கழி இரவில் தகடு வானத்துக்கு வெப்பத்தை விட்டுச் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஷெட்டுக்குள் 22 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை சுமார் 20. தகடு இரண்டு டிகிரி இறங்கினாலே போதும், காயப் போட்ட தோலில் சொட்டு விழுந்து கறையாகும். மரமோ நாட்டு ஓடோ கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தகரம் ஒரு சொட்டைக்கூட வாங்கிக்கொள்ளாது.

குளிர்நாட்டில் கதை இன்னும் கடுமை. வீட்டுக்குள் 21 டிகிரி, 40 சதவீதம் என்றால் பனிநிலை 7. வெளியே மைனஸ் 15. மேலே ஏறும் காற்றிலுள்ள ஈரம் தகட்டைத் தொட்டதும் நீராகக்கூட நிற்காமல் உறைந்துவிடும். கூரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி நுனிகளில்தான் முதலில் வெள்ளைக் குமிழ் கட்டும். வாரக்கணக்கில் சேர்ந்தது ஒரு வெயில் நாளில் மொத்தமாக உருகி, மழையே இல்லாமல் சீலிங்கில் கறை விழும்.

இங்கே இன்னொரு சொல்லும் தேவை. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடத்தைப் ‘பரண்’ என்று எழுதாதீர்கள். பரண் என்றால் நமக்கு அண்டாவும் கொலுப்பெட்டியும். ‘முகட்டுவெளி’ என்கிறேன். அதற்குக் காற்று விடும் துளைகள் இரண்டு: கீழே இறவாரத் துளை, மேலே முகட்டுத் துளை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி துளைப்பரப்பு சீலிங் பரப்பில் 150-ல் ஒரு பங்கு. மேலும் கீழும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்து, கடுங்குளிர்ப் பகுதியில் சூடான பக்கம் ஆவித்தடையும் (நீராவியை ஊடுருவ விடாத படலம்) போட்டால் 300-ல் ஒரு பங்கு போதும். 90 சதுர மீட்டர் சீலிங்குக்கு 3,000 சதுர சென்டிமீட்டர். இது கொசுவலைக் கம்பியைக் கழித்த திறப்பு. பலர் தப்புவது இங்கேதான். இறவாரத்தில் வெப்பக்காப்புப் பஞ்சு துளையை அடைக்காமல் தகட்டுக்குக் கீழே ஓர் அங்குல வழி விட வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் சீலிங் ஓட்டைகளை அடைக்க வேண்டும்: விளக்குக் குழி, ஒயர் குழாய், முகட்டுவெளிக்கு ஏறும் கதவின் விளிம்பு. சீலிங் பலகையை ஊடுருவிப் போகும் ஆவியைவிட ஓட்டை வழியே காற்றோடு போகும் ஈரம் பல மடங்கு. ஓட்டையை விட்டுவிட்டு முகட்டுத் துளையை மட்டும் பெரிதாக்கினால், அது புகைபோக்கி போல வீட்டுக் காற்றை மேலே இழுத்து உட்பனியைக் கூட்டும். குளியலறை ஃபேன் குழாயை முகட்டுவெளியில் விட்டு முடிப்பது அதைவிட மோசம். கூரைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.
(வாணியம்பாடி)

———

குளிர்நாட்டான் கூரைமேல் கிடப்பதும் பனி, கீழே படிவதும் பனி என்றால் குழம்பாதா?
(காட்பாடி)

———

குழம்பும். மேலே கிடப்பதை ‘வெண்பனி’ என்றும், அடியில் உறைந்து ஒட்டியதை ‘உள் உறைபனி’ என்றும் பிரித்து எழுதினால் தீரும். ‘வேர்க்குது’ என்ற வினையைப் பேச்சில் மாற்றச் சொல்லவில்லை. கையேட்டில் அறிகுறி சொல்லுமிடத்தில் அதையே போடுங்கள். மழையில்லாத தெளிந்த இரவுக்குப் பின் அடிப்பக்கம் பரவலாக வேர்த்திருந்தால் உட்பனி. மழையின்போது ஒரு ஸ்க்ரூவிலிருந்து கோடாக இறங்கினால் ஒழுகல்.

ஆவித்தடையை மொழிபெயர்க்கும்போது ‘உள்பக்கம்’ என்று எழுத வேண்டாம், ‘சூடான பக்கம்’ என்றே எழுதுங்கள். வேலூரில் ஏசி அறைக்கோ குளிர்பதனக் கிடங்குக்கோ சூடான பக்கம் வெளியே. உள்ளே போட்டால் பஞ்சு ஊறிவிடும்.

தகட்டின் அடியில் ஆலையிலேயே ஒட்டி வரும் கம்பளி போன்ற படலத்துக்கு ‘ஒற்றுப்படலம்’. இரவில் ஈரத்தை ஒற்றி வைத்து, பகலில் காற்றுக்கு விட்டுவிடும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது காயாது. இறவார விளிம்பில் சில அங்குலத்துக்குப் படலத்தைச் சுட்டோ அரக்குப் பூசியோ செயலிழக்கச் செய்ய வேண்டும். விட்டால் மழைநீரைத் திரி மாதிரி மேலே உறிஞ்சும். அந்தப் பட்டைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘திரிமுறி’ எனக்கு வாய்க்குள் நுழையவில்லை, வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.
(வாணியம்பாடி)