அம்மோனியா பூஜ்யம்தான், ஆனாலும் இறால் சாகிறது

சென்னையிலிருந்து:

கண்ணாடித் தொட்டியில் செர்ரி இறால் என்னும் சிறு நன்னீர் இறாலை வளர்க்கும் நண்பர் ஒருவர், தினமும் ஒன்றிரண்டு செத்துக் கிடப்பதாகச் சொல்லி என்னை வீட்டுக்கு அழைத்தார். கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம் என்று சோதித்துக் குறித்தும் வைத்திருந்தார். தொட்டி நன்கு பழகியது, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் நிலைபெற்றிருந்தது. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சீராக ஓடியது. டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் மீட்டரை நீரில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது: செர்ரி இறாலுக்கு 150 முதல் 250 வரை பொதுவாக ஏற்றது என்றிருக்க, அங்கே 480 காட்டியது.

கோடை வெப்பத்தைத் தணிக்க அவர் தொட்டியின் மேல் சிறு மின்விசிறி பொருத்தியிருந்தார். விசிறிக் காற்றில் நீர் மட்டுமே ஆவியாகும். உப்புகள் அனைத்தும் தொட்டியிலேயே தங்கிவிடும். வற்றிய அளவை ஈடுகட்ட அவர் ஊற்றிவந்ததோ டிடிஎஸ் 900 உள்ள போர் தண்ணீர். நாற்பது லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் இவ்வாறு சேர்ந்தால், டிடிஎஸ் நாள்தோறும் 22 வரை ஏறும். அம்மோனியா சோதனை இதை ஒருபோதும் காட்டாது.

கணக்கைக் கேட்டுப் பதறியவர், அன்றிரவே பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு ஆர்ஓ நீரை நிரப்பிவிட்டார். அதற்குப் பிறகு செத்தவற்றில், தலைப்பகுதி ஓடும் உடல் ஓடும் சேருமிடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தது. திடீர் மாற்றத்தால் உரிய காலத்துக்கு முன்பே ஓட்டைக் கழற்ற முயன்று, அது முதுகுப்புறம் பிளந்து திறக்காமல் சிக்கிக்கொண்டதன் அடையாளம் அது. என் கருத்தில், உப்பு மெல்ல ஏறியதைவிட ஒரே இரவில் இறங்கியதே பெருங்கேடு. இப்போது வற்றும் அளவுக்கு ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றுகிறார். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை மாற்றும்போது, தாது உப்பு கலந்து 200-க்குக் கொண்டுவந்த நீரை ஏர் டியூப் வழியே சொட்டுச் சொட்டாக விடுகிறார்.

கோயம்புத்தூரிலிருந்து:

எங்கள் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. குழாயில் வரும் சிறுவாணி நீர் மிகவும் மென்மையானது. என் தொட்டியில் ஜிஹெச், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் தரும் கடினத்தன்மை, 2-க்கு மேல் ஏறியதே இல்லை. செர்ரி இறாலுக்கு 6 முதல் 8 வரை தேவை. கால்சியமும் மெக்னீசியமும் போதாததால், இங்கேயும் அதே வெள்ளை வளையத்தைக் கண்டேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையை, அதாவது கணவாய் ஓட்டை, ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன். கால்சியம் மெதுவாகக் கரைந்ததே தவிர, அதில் மெக்னீசியம் போதிய அளவு இல்லை. இறாலுக்கென்றே விற்கும் ஜிஹெச் உப்பைப் புதிய நீரில் கலந்து ஊற்றத் தொடங்கிய பிறகே சாவு நின்றது. குளோரினை நீக்க, நீரை ஒரு நாள் திறந்து வைக்கிறேன்.

சென்னை நண்பர் குறிப்பிடாத ஒன்று: அறையில் திரவக் கொசுவிரட்டி எரிந்தால், ஏர் பம்ப் அந்தக் காற்றையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். அதிலுள்ள டிரான்ஸ்ஃப்ளூத்ரின் இறாலுக்குக் கடும் நஞ்சு. தாமிரம் கலந்த மீன் மருந்தும் அப்படியே. டிடிஎஸ், ஜிஹெச் இரண்டும் சரியாக இருந்தும் சாவு தொடர்ந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியவை இவ்விரண்டும்தான்.